பின்சீட்ல அதிர்ற போன்

டிரைவிங் ஸ்கூல் காரோட பின்சீட்ல, அம்மாவோட போன மடியில வெச்சுக்கிட்டு பத்தாவது படிக்கிற மக உக்காந்திருக்கா. அம்மா கழுத்துல இருக்கிற கட்டிக்கு எடுத்த ஸ்கேன் ரிசல்ட்ட அஞ்சு மணிக்குள்ள போன்ல சொல்றதா ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. மணி நாலே முக்கால். அம்மா என்னடான்னா, ஓட்டக் கத்துக்க வந்த பேங்க் சாருக்கு கிளச்சப் பத்தி சொல்லிக்கிட்டிருக்கா. சிக்னல்ல பச்சை விழுந்ததும் வண்டி ரெண்டு குலுக்கு குலுக்கி நின்னுடுது. பின்னாடி ஹாரன் காதப் பிளக்குது. சாருக்கு நெத்தியெல்லாம் வேர்வை. "அடிக்கட்டும் சார். அவங்க அடிக்கிற ஹாரன்ல வண்டி கெளம்பிடும்னா நமக்கு இன்ஜினே வேண்டாமே"ங்கிறா அம்மா. சார் சிரிச்சிடறார். ஓட்டச் சொல்லிக்குடுக்கிற அம்மா பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. அவ செருப்பு அது மேல பட்டும் படாம நிக்குது, அமுக்கவே இல்ல. இந்த நேரத்துல ஒருத்தியால எப்படி இப்படி இருக்க முடியுதுன்னு மக வாய் பொளந்து பாத்துக்கிட்டிருக்கா. மடியில போன் அதிருது. "அம்மா, அவங்கதான்." "சார் மொதல்ல ரோட்டத் தாண்டட்டும்டி." வண்டி மெதுவா தாண்டி ஓரமா நிக்குது. "அழகா நிறுத்துனீங்க சார்"னு சொல்லிட்டுத்தான் அம்மா கையப் பின்னாடி நீட்டறா. மக போனக் குடுக்கறா. அந்தக் கை போன வாங்காம, மகளோட மணிக்கட்ட இறுக்கிப் பிடிச்சுக்குது. "நீயே எடுத்து என் காதுல வைடி."