மதில்மேல் கால்தடம்

வெயில் தணிந்து, குளவிகளும் போய்விட்ட பிறகு, பஸ் டிரைவர் மூன்று மாதம் கழித்துத் தோட்டக் கதவைத் திறந்தார். குளவி கொட்டி முகம் வீங்கிய அன்று பூட்டிய கதவு அது. எல்லாம் கருகியிருக்கும் என்று நினைத்து வந்தவர், ஆளுயரம் வளர்ந்த வெண்டைச் செடிகளைப் பார்த்துத் திகைத்தார். மண் ஈரமாக இருந்தது. மதில்மேல் சேற்றுக் கால்தடம்.

"காய் ஒண்ணுகூட இல்ல. காம்பையெல்லாம் கத்தரியால வெட்டியிருக்கான். பக்கத்து வீட்டுத் தையல்காரன் வேலைதான்."

"மெதுவாப் பேசுங்க" என்றாள் மனைவி.

"எதுக்கு? அவன் மரத்துக் குளவிதானே என்னைக் கொட்டுச்சு? இப்ப நம்ம காயையும் திருடித் தின்னிருக்கான், திருட்டுப்பய."

மதிலுக்கு அப்பால் கேட்கட்டும் என்றே கத்தினார். அங்கே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"தின்னது நீங்கதான்" என்றாள் அவள்.

"என்ன உளறுற?"

"சாயங்காலம் குளவி அடங்கினதும் அவர் சுவரேறி வந்து தண்ணி ஊத்துவார். பறிச்ச காயை என்கிட்டயே கொடுத்துடுவார். அவரோட பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க. அதான் கடையில வாங்கினேன்னு சொன்னேன். நம்ம தோட்டத்துக் காயைவிட ருசின்னு நீங்களும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டீங்க."

மெஷின் மறுபடி ஓடவில்லை.

"நான் சொன்னது கேட்டிருக்குமா?" என்றார் தணிந்த குரலில்.

"தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் தயங்கி நின்றார். "நீயும் கூட வாயேன்."

"திருடன்னு சொல்றப்ப என்னைத் துணைக்குக் கூப்பிட்டீங்களா?"