வெள்ளிக்கிழமை பீட்சா

மேசைமேல் இருந்த மூன்று பீட்சா பெட்டிகளில் கோழி பீட்சாவை மட்டும் தனேஷ் உட்காரப்போகும் நாற்காலிக்கு நேராக நகர்த்தி வைத்தாள் மவுரீன். வருங்கால மருமகன் மேல் என்னே பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா பொறி வைக்கிறாள்.

அன்று ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கத்தோலிக்கர்கள் அன்றைக்கு இறைச்சியைத் தொடக் கூடாது. மீன், இறால் சாப்பிடலாம். அப்படிப்பட்ட நாளில்தான் மவுரீன் கடைக்குப் போன் போட்டு, “கோழி பெரிசா ஒண்ணு, மிளகாய் நிறைய போடு லா” என்று சொல்லி வரவழைத்திருந்தாள்.

“பாவம் சேருது மவுரீன்,” என்றார் கணவர் காப்ரியல்.

“நானா திங்கப் போறேன்? ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் வாங்கிக்கிறேன்னு சொல்றான்ல. நெசமாவே மாறிட்டானா, நட்டாலியக் கட்டறதுக்கு வேஷம் போடறானான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும். கல்யாணத்துக்கப்புறம் நம்ம ஒரே பொண்ண அவன் பக்கம் இழுத்துட்டுப் போயிட்டான்னா? கல்யாணத்துக்குச் சம்மதமான்னு நாளைக்குப் பாதர் கேப்பாரு. இன்னிக்கு இவனப் பாத்துட்டுத்தான் சொல்வேன்.”

காப்ரியல் தட்டுகளை எடுத்துவரப் போய்விட்டார். முப்பது வருஷ அனுபவம்.

ஆறு மணிக்கு நட்டாலியும் தனேஷும் வந்தார்கள். ரவாங் தொழிற்சாலையில் வேலை முடித்து, கோல சிலாங்கூரில் இருந்த இவர்கள் வீடு வரை கார் ஓட்டி வந்திருந்த தனேஷ், பசியை மறைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்தான்.

பெட்டிகள் திறந்தன. காப்ரியலுக்கு இறால் பீட்சா. அதுவும் பக்கத்து மீனவக் கிராமமான பாசிர் பெனம்பாங் இறாலாக இருந்தால்தான் அவருக்கு அது இறால். மவுரீனுக்கு அன்னாசிப்பழமும் சீஸும். தனேஷுக்குக் கோழி என்றால் உயிர்.

“அன்னாசியப் போயி பீட்சாவுல போடறாங்களே ஆன்ட்டி!” தனேஷ் சிரித்தான்.

“ஏன், உனக்குப் புடிக்காததெல்லாம் இந்த வீட்டுல இருக்கக் கூடாதா?” வெடுக்கென்று கேட்டாள் மவுரீன். பாவம், அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

நட்டாலிக்கும் அன்னாசி பீட்சாவைக் கண்டாலே ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு இறாலுக்குச் சண்டை போடுகிறவள். இன்று அம்மாவின் பெட்டியிலிருந்து இரண்டு துண்டு எடுத்துச் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தாள். இறால் முழுவதும் தனக்கே என்ற சந்தோஷத்தில் காப்ரியல் ஏன் என்று கேட்கவில்லை. மவுரீனின் கண்ணோ தனேஷின் கையை விட்டு நகரவில்லை.

அந்தக் கை இறால் பக்கம் போயிற்று. தயங்கியது. திரும்பி வந்து கோழித் துண்டை எடுத்து வாயில் வைத்தது.

“பாத்தீங்களா! நான் சொல்லல?” நாற்காலி பின்னால் சாய எழுந்தாள் மவுரீன்.

“என்ன ஆன்ட்டி?”

“இன்னிக்கு என்ன கிழமை?”

“வெள்ளி.”

“தெரிஞ்சேதான் திங்கறியா? தவக்காலத்துல வெள்ளிக்கிழமை கறி கூடாதுன்னு கிளாஸ்ல சொல்லிக் குடுக்கல?”

தனேஷின் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ! நைட் ஷிப்ட்டுல ரெண்டு கிளாஸ் போகல ஆன்ட்டி. சத்தியமா தெரியாது. எங்க வீட்டுலயும் வெள்ளிக்கிழமை கறி கெடையாது. பொறந்ததுலேருந்து வெள்ளிக்கிழமை நான் கோழி தின்னதே இல்ல. இப்ப உங்க ஆளா ஆயிட்டேன்ல. பழைய வழக்கத்த விட்டுட்டேன்னு உங்களுக்குக் காட்டத்தான் எடுத்தேன்.”

காப்ரியலுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. “அடப்பாவி! நம்ம ஆளு ஆவறதுக்கு விரதத்த முறிச்சிருக்கான் லா!”

மவுரீனுக்கு வெட்கமாகப் போயிற்று. உட்கார்ந்தாள். ஆனால் அந்தப் பாழாய்ப்போன சந்தேகம் லேசில் விடுமா? தனேஷ் நட்டாலியைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்ததை அவள் கவனித்துவிட்டாள்.

“அது என்ன ஜாடை?”

“ஒண்ணும் இல்ல ஆன்ட்டி.”

“ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு முழிக்கிற?” என்றவள் மகளின் தட்டை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். பார்த்ததும் முகம் இளகிவிட்டது.

“சரி தம்பி, தெரியாம செஞ்சிட்ட. இனிமே இவளப் பாத்துக் கத்துக்கோ. கோழியத் தொடல. சாப்பிடலாம்னு இருக்கற இறாலக்கூடத் தொடல. புடிக்காத அன்னாசிய முழுங்கிக்கிட்டு உக்காந்திருக்கா. தவக்காலத்த எம்பொண்ணு மாதிரி யாரு அனுசரிக்கறாங்க, சொல்லு?”

பெருமையில் மவுரீனுக்குக் கண் கலங்கியது. மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

“நாளைக்கே பாதர்கிட்ட சரின்னு சொல்லிடறேன். நீ இப்படி இருக்கற வரைக்கும் எனக்கு ஒரு பயமும் இல்லடி.”

நட்டாலி கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தாள். தனேஷ் மறுபடியும் தலையசைத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, நான் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கறேன்.”