எளிலு

முதல் வகுப்புக் குழந்தைகளின் சட்டையில் பள்ளி ஒரு பட்டன் தைத்திருந்தது. வீட்டார் யாராவது எழுத்தைத் தவறாக உச்சரித்தால் அது சிவக்கும். அடிக்கடி சிவந்தால், வாசிப்பு கெட்டுவிடும் என்று குழந்தையை விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள்.

செண்பகத்துக்கு ‘ழ’ வராது. மகளுக்கு ஆசையாய் எழில் என்று பெயர் வைத்தவள், இப்போது கைதட்டித்தான் கூப்பிடுகிறாள். “இன்னொரு தடவை சிவந்தா எங்க கையில இல்லம்மா” என்று மிஸ் சொல்லியிருந்தார்.

பள்ளி விட்டதும் எழில் அம்மாவைப் பார்க்காமல் சாலைக்கு ஓடினாள். லாரி வந்தது. செண்பகம் கைதட்டினாள். ஹாரன் சத்தத்தில் அது கேட்கவில்லை.

“எளிலு, நில்லுடி.”

குழந்தை நின்றாள், லாரி உரசிக்கொண்டு போனது. செண்பகம் ஓடிவந்து, சிவந்த பட்டனைக் கையால் பொத்தினாள்.

எழில் அந்தக் கையை விலக்கி, பட்டனிடம் சொன்னாள்: “மிஸ், அம்மா சரியாத்தான் சொல்லுச்சு. என் பேரு எளிலுதான்.”