குண்டு வெடிக்கும் முன்

"இந்த ஆளுக்கு என்னதான் வேணுமாம்?" என்றார் டெய்லர், திரையாகக் கட்டிய படுக்கை விரிப்பை இழுத்துவிட்டபடி.

அணுகுண்டின் ஆபத்தைச் சொல்லும் படமொன்றைக் குடியிருப்பு மண்டபத்தில் வாராவாரம் அவர் இலவசமாகப் போடுகிறார். பிளம்பர் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்காருவார். படத்தில் சோதனைக் குண்டு வெடிப்பதற்குள் எழுந்து போய்விடுவார்.

"பயந்தாங்கொள்ளியா இருப்பாரு. இல்ல, எங்கயாவது குழாய் ஒழுகுதோ என்னவோ," என்றாள் மனைவி.

"பயந்தவர் வாராவாரம் வருவாரா? எனக்கு ஒண்ணுமே புரியல. படம் இழுவையா இருக்கு போல. முதல் பத்து நிமிஷம் வெறும் தெரு, வெறும் ஜனங்க. அதை வெட்டிட்டு நேரா குண்டுலேருந்து ஆரம்பிக்கிறேன். அப்ப எப்படி எழுந்து போறாருன்னு பார்க்கிறேன்!"

வாசலுக்கு வந்துவிட்ட பிளம்பர் காதில் அது விழுந்தது.

"ஐயோ அண்ணே, அதை மட்டும் வெட்டிடாதீங்க!"

"முக்கியமான இடத்துல நீங்கதானே எழுந்து போறீங்க?"

பிளம்பர் தயங்கினார். "சோதனைக்காகக் காலி பண்ணாங்களே, அது எங்க ஊரு. கறுப்புக் குடையோட ஒரு பொம்பள தெருவைக் கடந்து போவாங்கல்ல? இடுப்புல ஒரு குழந்தைகூட..."

"ஆமா."

"அந்தக் குழந்தை நான்தான். சோதனை முடிஞ்சு ஊர் திரும்பின கொஞ்ச வருஷத்துல அம்மா ரத்தப் புற்றுல போயிட்டாங்க. வீட்ல ஒரு போட்டோகூட இல்ல. இங்க வந்தாத்தான் முகத்தைப் பார்க்க முடியுது."

அன்றும் படம் முதலிலிருந்தே ஓடியது. குடை தெருவைக் கடந்ததும் பிளம்பர் எழுந்தார். டெய்லர் முந்திக்கொண்டு ஓடி, சத்தமில்லாமல் கதவைத் திறந்துவிட்டார்.