சங்கு ஊதிய பிறகு

"கதவத் தெறங்கக்கா. மூச்சு முட்டுது எனக்கு."

"சன்னல் தெறந்துதான இருக்கு. அங்கன போயி நில்லு," என்றாள் சண்முகத்தாய். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தவள் அசையவில்லை.

முத்துப்பேச்சி சன்னலுக்குப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அந்தச் சின்ன வீட்டுக்குள் எவ்வளவு நேரம்தான் நடப்பது?

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்து சங்கு ஊதியாகிவிட்டது. அந்தச் சத்தம் காதில் விழுந்தாலே அவளுக்கு நாக்கு வறண்டு போகும். மதுவிலக்கு என்று பேர்தான். ஊர்க்கோடி வேலிக்காட்டுக்குள் ஒரு செம்போடு போய் நின்றால் சாராயம் கிடைத்துவிடும்.

முதல் பிரசவத்தின்போது உடம்பு வலிக்கு மருந்து என்று மாமியார் கொடுத்துப் பழகியது. அந்தப் பிள்ளை தலை நிற்பதற்குள் போய்விட்டது. சாராயம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

இந்தத் தடவை நர்ஸ் பொன்னுத்தங்கம் வயிற்றைப் பார்க்கக் குனிந்தபோதே வாடையைக் கண்டுகொண்டாள். ஆனால் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எந்நேரம் ரொம்பப் படுத்துது?" என்று மட்டும் கேட்டாள்.

"சங்கு ஊதுனப்புறம்மா. எங்க வீட்டுக்காரரு லோடு ஏத்திட்டு வர்ற வரைக்கும்."

"அந்நேரம் தனியா இருக்காத. ஒருத்திய அனுப்புறேன். ரெண்டு பேருமா இருங்க."

மறுநாளே அடுத்த தெரு சண்முகத்தாய் வந்து சேர்ந்தாள். கை சும்மா இருக்கக் கூடாது என்று தீப்பெட்டி ஒட்டுகிற வேலையையும் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் இந்தச் சிறைதான்.

"வந்து உக்காரு, ரெண்டு பெட்டி ஒட்டு."

"நீங்க ஒட்டுற லட்சணத்தப் பாருங்க. எல்லாம் கோணல்மாணல்!"

சண்முகத்தாய் பசைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். எழுந்து பானையில் தண்ணீர் மொண்டு மடமடவென்று குடித்தாள். வந்ததிலிருந்து எத்தனையாவது தடவையோ!

"ஒரு வாய்தான்க்கா. கண்ணு மூடித் தெறக்குறதுக்குள்ள வந்துருவேன்."

"வேண்டாம் தாயி. வயித்துல இருக்கிறத நெனச்சுக்க."

"எந்நேரமும் இதே பேச்சு! கூட்டுல அடைச்ச கோழி மாதிரி என்னைய அடைச்சுப் போட்டு, நீங்க புத்தி சொல்லுதீகளாக்கும்! புள்ளைகளப் பெத்து நல்லபடியா வளத்தவுக நீங்க. என் வேதன ஒங்களுக்கு எங்க தெரியப் போகுது?"

சண்முகத்தாய் தலையை நிமிர்த்தி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு குனிந்து பசைக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள்.

அந்தப் பார்வையில் முத்துப்பேச்சிக்குக் கொஞ்சம் பயம்கூட வந்தது. ஆனால் உள்ளே பிடுங்கித் தின்கிற ஆசைக்கு முன்னால் பயம் எங்கே நிற்கும்? குரலைக் குழைத்துக்கொண்டாள்.

"சரி, நான் போகல. நீங்க போயி வாங்கிட்டு வாங்கக்கா. ஒரே ஒரு வாய்க்கு. அப்புறம் கேக்கவே மாட்டேன், இந்த வயித்துமேல சத்தியம்."

சண்முகத்தாய் சட்டென்று எழுந்தாள். மாடத்தில் இருந்த செம்பை எடுத்தாள். தாழ்ப்பாளை நீக்கினாள்.

முத்துப்பேச்சிக்கு நம்பவே முடியவில்லை. கடைசியில் மனசு இளகிவிட்டதே! "சீக்கிரம் வாங்கக்கா," என்று பின்னாலேயே போனாள்.

சண்முகத்தாய் ஒரு காலை வாசலில் வைத்தாள். அவ்வளவுதான். மறுகாலை எடுக்கவில்லை. நிலைக்கதவை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வேர்த்து வழிந்தது.

"என்னக்கா? யாரும் பாத்துருவாகன்னு பயமா?"

"என்னையப் போகச் சொல்லாத தாயி," என்றாள் சண்முகத்தாய். "போனேன்னா நான் திரும்பி வர மாட்டேன். அங்கனயே குடிச்சுட்டு விழுந்து கெடப்பேன்."

முத்துப்பேச்சி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"நர்சம்மா ஒங்கிட்ட ஒண்ணும் சொல்லலையா? குடிச்சுட்டு அடுப்படியில விழுந்து கெடக்கேன்னுதான் எங்கண்ணன் எம்புள்ளைகள ஏழாயிரம்பண்ணைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. புள்ளத்தாச்சி எதுத்தாப்புல இருந்தா எனக்குச் செம்பத் தூக்க மனசு வராதுன்னு நர்சம்மா இங்கன வரச் சொன்னாக."

சண்முகத்தாய் பசை ஒட்டிய கையை அவள் பக்கம் நீட்டினாள்.

"என்னையப் புடிச்சுக்க முத்துப்பேச்சி. ஒனக்குக் காவலா என்னைய அனுப்பலடி. எனக்குக் காவலாத்தான் அவுக ஒன்னைய வச்சிருக்காக."