ஐம்பத்து நான்காவது கையெழுத்து

“சர்க்கார் புதுச் சட்டம் கொண்டுவருதாம். வாரண்டும் வேணாமாம், கோர்ட்டும் வேணாமாம். தோணினா நம்ம கடுதாசியைப் பிரிச்சுப் படிப்பானுங்களாம். எல்லாப் பேப்பர்லயும் கிழிகிழின்னு கிழிச்சிருக்கான்” என்று பொரிந்துகொண்டே வீட்டுக்குள் வந்தார் வைத்திலிங்கம். கையில், அரியலூர் கடைத்தெரு முழுக்க அலைந்து வாங்கிய ஐம்பத்து மூன்று கையெழுத்துகள். சர்க்காரைக் கண்டித்துப் பத்திரிகைக்கு அனுப்ப.

மருமகள் அம்சவள்ளிக்கு வேறு கவலை. துபாயில் இருக்கும் புருஷனிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதமே இல்லை.

“போஸ்டாபீஸ் போனீங்களா மாமா?”

“போகாம இருப்பனா? ஒண்ணும் வரலை. எந்தக் களவாணிப் பய பிரிச்சு வச்சுப் படிக்கிறானோ.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவன் வூட்டுல பொண்டாட்டி புள்ளைங்க இல்லையா? எம் புருசன் எனக்கு எழுதறதைப் படிக்க இவன் யாரு?”

“அப்படிக் கேளு. இந்தா, நீயும் ஒரு கையெழுத்துப் போடு.”

பேனாவைத் திறந்தாள். மாமனாருக்கு ஆவேசம் அடங்கவில்லை.

“‘உனக்குப் பச்சைக்கல்லு மூக்குத்தி வாங்கிட்டேன், அம்மாகிட்ட சொல்லிடாதே’ன்னு ஒருத்தன் ஆசையாப் பொண்டாட்டிக்கு எழுதறான். அதை மூணாம் மனுசன் படிக்கலாமா?”

எழுதப்போன கை நின்றது. அம்சவள்ளி பேனாவை மூடினாள்.

“எனக்கு வந்த எந்தக் கடுதாசியிலயும் மூக்குத்தின்னு ஒரு வார்த்தை இல்லையே மாமா.”

வைத்திலிங்கத்தின் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்தியது.

“அதைக் குடுங்க” என்று கையை நீட்டினாள். “படிச்சிட்டு அப்புறமாக் கையெழுத்துப் போடறேன்.”