கடலோர அம்மா

"கவிழ்த்துக் கொட்டு!"

சோதனைச் சாவடிச் சிப்பாய் சொன்னதும் சிறுமி பையைத் தலைகீழாகப் பிடித்தாள். புத்தகங்கள், டிபன் டப்பா, அளவுகோல் எல்லாம் பலகை மேல் சரிந்தன. மூடுபனியில் வரிசையாக நின்ற மற்றப் பிள்ளைகளின் பைகளை மேலாகத் தடவிப் பார்த்து அனுப்பிவிடுகிற மனிதர், சில நாட்களாக இவள் பைக்கு மட்டும் இப்படித்தான் செய்கிறார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் உம்மணாமூஞ்சி. வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

அறுந்த ஜிப்பைப் பிடித்து நின்ற ஊக்கு அவர் கட்டைவிரலில் சுருக்கென்று குத்தியது. விரலை உதறிக்கொண்டே அவளுடைய ஒரே பென்சிலை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"இது என்ன, பென்சிலா, பல்குச்சியா?"

பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எழுதும் சார்."

"எழுதும், எழுதும். அள்ளிக்கிட்டுப் போ."

அள்ளிக்கொண்டு நடந்தாள். இந்த மாதிரி நேரங்களில் அவள் கடலோர அம்மாவிடம் போய்விடுவாள்.

சண்டையில் அப்பா காணாமல் போன பிறகு இவள் படிப்புச் செலவை யாரோ ஏற்றுக்கொண்டிருந்தார்கள். "பேரைச் சொல்லக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்கம்மா. வெளியே தெரிஞ்சா அவங்களுக்குத்தான் சிக்கல்" என்பதோடு தலைமையாசிரியை நிறுத்திக்கொள்வார். மிச்சத்தை இவளே மனசுக்குள் கட்டிக்கொண்டாள். எங்கோ தூரதேசம். கடலைப் பார்த்த வீடு. காற்றில் உப்பிப் பறக்கும் வெள்ளைத் திரைச்சீலை. அதன் அருகே நரைத்த கூந்தலோடு ஒரு அம்மா உட்கார்ந்து இவளையே நினைத்துக்கொண்டிருப்பார். அந்த அம்மா வாழ்நாளில் யாரையும் அதட்டியதே கிடையாது.

திரைச்சீலை ஒருமுறை அசைந்தால் போதும், தெருவோரம் இடிந்து கிடக்கும் கடைகளும் மணல் மூட்டைகளும் அதற்குப் பின்னால் மங்கிப் போகும். எப்படிப் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தோம் என்றே அவளுக்குத் தெரியாது.

அந்த வாரக் கடைசியில் தலைமையாசிரியை அவளிடம் ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே புத்தம் புதிய நீலப் பை! மாவு மில்லில் சாக்கு தைக்கிற அவள் அம்மா, பையின் ஓரங்களை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"இரட்டைத் தையல் போட்டிருக்கு. லேசில பிரியாது. யாரு பெத்த மகராசியோ, நல்லா இருக்கணும்."

"கடலோர அம்மாதாம்மா."

அம்மா பையைக் கீழே வைத்தாள். "பக்கத்து வீட்டுப் பொண்ணு எல்லாத்தையும் சொல்லிட்டா. அத்தனை பிள்ளைங்க போகுது, அந்த ஆளு உன்னை மட்டும் ஏன் நிறுத்துறான்? எனக்கு இது சரியாப் படலைடி. திங்கக்கிழமை நானும் வரேன். உன்னை நிறுத்தினான்னா அப்படியே வீட்டுக்குத் திரும்பிடுவோம். படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"அந்த அம்மா வருத்தப்படுவாங்கம்மா!"

"அவங்க எங்கேயோ சுகமா இருக்காங்க. ஒரு நாள் இங்க வந்து இந்தச் சாவடியில நின்னு பார்க்கச் சொல்லு."

பையைக் கட்டிக்கொண்டே தூங்கினாள். கனவில் திரைச்சீலை விலகியது. "பை பிடிச்சிருக்கா?" என்று ஒரு குரல் கேட்டது. முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமையும் அதே மூடுபனி. உம்மணாமூஞ்சியின் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பையைப் பார்த்தார். கொட்டச் சொல்லவில்லை. ஜிப்பைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார், மூடினார். அது வெண்ணெயாக ஓடியது.

"ம். போ."

அம்மா பெருமூச்சு விட்டாள். தடுப்பைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பார்கள்.

"ஏய், நில்லு!"

அம்மாவின் பிடி இறுகியது. "நினைச்சேன். வா, வீட்டுக்குப் போகலாம்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. சிறுமியின் கண்கள் நிறைந்துவிட்டன. அதற்குள் அவர் பக்கத்தில் வந்துவிட்டார்.

"உள்ளே முதுகுப் பக்கம் இன்னொரு ஜிப் இருக்கே, அதைத் திறந்தியா?"

"அப்படி ஒண்ணும் இல்லையே சார்."

"துணி மடிப்புக்கு அடியில. கையை விட்டுப் பாரு."

கையை விட்டுத் துழாவினாள். ஒல்லியாக ஒரு ஜிப் விரலில் தட்டுப்பட்டது. திறந்தால், இன்னும் சீவாத, நீள நீளமான ஒரு கட்டுப் பென்சில்.

அவள் திகைத்து நிமிர்ந்தாள். உம்மணாமூஞ்சி சாவடிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பென்சிலை அங்கேயே வெச்சுக்க. எவ்வளவு மழை பெஞ்சாலும் அந்த இடம் நனையாதுன்னு கடைக்காரன் சொன்னான்."